ஏரிக்கரையா, கடற்கரையா? தூண்டிலோடு கிளம்புவதற்கு முன்

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஏரி. தை மாதக் காலை. மதகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளில் மண்புழு கோத்துக்கொண்டிருந்தேன். மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, “குத்தகைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாப்பா?” என்றார்.

சொல்லவில்லை. அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. பெரியவரே போன் போட்டுக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் வண்டியில் வந்து இறங்கினார் குத்தகைக்காரர். என் தூண்டிலைப் பார்த்தார், புழு டப்பாவைப் பார்த்தார். “ஜிலேபி எவ்வளவு வேணும்னாலும் புடிச்சுக்குங்க தம்பி. கட்லா, ரோகு மாட்டுனா மட்டும் விட்டுடுங்க. நான் காசு போட்டு விட்டது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏரியில் தூண்டில் போடுவதா, கடலில் போடுவதா என்று புதிதாகக் கேட்பவர்களிடம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் காலைதான். பெரிய மீன் எங்கே கிடைக்கும், எதற்குச் செலவு குறைவு என்பதெல்லாம் அப்புறம். இந்த இரண்டு தண்ணீரும் முதலில் வேறுபடுவது உரிமையில்தான்.

தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் உண்டு. அவற்றில் மீன் பிடிக்கும் உரிமை பெரும்பாலும் ஏலத்திலோ குத்தகையிலோ போகும். கிராமத்தில் இதை ‘மீன்பாசி ஏலம்’ என்பார்கள். சில இடங்களில் உள்நாட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும், சில இடங்களில் ஊராட்சி ஏலம் விடும். மேட்டூர், பவானிசாகர் போன்ற பெரிய அணைகளில் உரிமம் பெற்ற மீனவர்கள் வலை போடுகிறார்கள். சும்மா கிடக்கிற தண்ணீர் மாதிரி தெரிந்தாலும், உள்ளே இருக்கிற மீன் யாரோ ஒருவரின் பயிர்.

பயிர் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கே கங்கை போன்ற பேராறுகளின் மீன்கள். ஓடுகிற வெள்ளத்தில்தான் முட்டையிடும். நம் ஏரியின் நின்ற தண்ணீரில் தானாகப் பெருகாது. 1957இல் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டு இந்தக் கெண்டைகளைக் குஞ்சு பொரிக்க வைத்தார். அது நடந்த ஜூலை 10ஐத்தான் இந்தியாவில் மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறோம். அதற்குப் பிறகுதான் ஊர் ஏரிக்கெல்லாம் குஞ்சு வாங்கி விடுவது சாத்தியமானது. ஆக, ஏரியில் உங்கள் தூண்டிலில் மாட்டுகிற கட்லா ஒவ்வொன்றும் எங்கோ ஒரு மீன்பண்ணையில் பிறந்து, யாரோ காசு கொடுத்து வாங்கி, வண்டியில் கொண்டுவந்து விட்டது. குத்தகைக்காரர் அதை விடச் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

ஜிலேபியை அவர் தாராளமாக விட்டுக்கொடுத்ததற்கும் காரணம் உண்டு. ஜிலேபி கெண்டை ஆப்பிரிக்காவின் மீன். 1952இல் இந்தியாவுக்குள் வந்தது. யாரும் குஞ்சு வாங்கி விட வேண்டாம், தானே பெருகும். தாய் மீன் முட்டையை வாயிலேயே அடைகாக்கும், பொரிந்த குஞ்சுகளையும் ஆபத்து வந்தால் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். கோடையில் தண்ணீர் இறங்கிய ஏரியின் ஓரத்தில் நடந்து பாருங்கள். சேற்றில் தட்டுத் தட்டாக வட்டக் குழிகள் வரிசையாகத் தெரியும். ஆண் ஜிலேபிகள் முட்டையிடுவதற்காகத் தோண்டியவை அவை. ஒவ்வொன்றும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம், நடுவில் சுத்தமாகக் கூட்டி விட்டது போலிருக்கும்.

கடலுக்கு இப்படிக் குத்தகைக்காரர் கிடையாது. கரையில் நின்று தூண்டில் வீசுகிறவரை யாரும் வந்து தடுப்பதில்லை. ஆனாலும் கடலும் ஆளில்லாத இடமல்ல. தமிழ்நாட்டுக் கரையில் 600க்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள் இருக்கின்றன, ஒவ்வொரு ஊருக்கும் அதன் கரை உண்டு, எழுதாத கட்டுப்பாடுகளும் உண்டு. கரைவலை இழுத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் தூண்டில் வீசக் கூடாது. கட்டுமரமும் வள்ளமும் ஏறுகிற இறங்குகிற இடத்தில் தூண்டில் நரம்பை விரித்துவைக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கே தூண்டிலோடு போகவே கூடாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான், கரையில் நிற்கிறவரை அது கட்டுப்படுத்தாது. அது சட்டம். முட்டையிடும் பருவம் என்பதால்தானே அந்தத் தடை, அந்த நாட்களில் சினை மீன் மாட்டினால் திருப்பி விடுவது நம் கையில் இருக்கிறது.

சரி, மீன் எங்கே இருக்கும் என்ற கேள்விக்கு வருவோம்.

ஏரி மீன் எங்கும் போய்விடாது. கரைக்குள்ளேதான் இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேலை. நம் ஏரிகள் மனிதர் கட்டியவை என்பதால் தேடுவதற்கு ஒரு கணக்கு உண்டு. சரிவான நிலத்தின் கீழ்ப்பக்கம் கரை போட்டு நீரைத் தேக்கியிருப்பார்கள். அதனால் கரையை ஒட்டித்தான் ஆழம், அதிலும் மதகுக்கு முன்னால்தான் அதிக ஆழம். நீர் வந்து சேரும் எதிர்ப்பக்கம் முழங்கால் அளவுதான் இருக்கும். கோடை மதியத்தில் மீன் ஆழத்துக்கு ஒதுங்கும். காலையிலும் அந்தியிலும் மேய்வதற்கு மேட்டுப் பக்கம் வரும். மழைக்காலத்தில் வரத்து வாய்க்காலில் புதுத் தண்ணீர் இறங்கும்போது அதை எதிர்த்து ஏறப் பார்க்கும். ஏரி நிறைந்து, உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால் அதற்குக் கீழே ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வேட்டியும் கொசுவலையுமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

எந்த ஆழத்தில் முள்ளை நிறுத்துவது என்பதற்கு மீனின் வாயைப் பார்த்தாலே போதும். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், மேல்தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்கிற மீன். ரோகு நடுத்தண்ணீர். மிர்காலுக்கு வாய் கீழ்நோக்கி, அடிச்சேற்றைக் கிளறும். மூன்றையும் ஒரே ஏரியில் விடுவதும் இதனால்தான், ஒன்றின் தீனிக்கு இன்னொன்று போட்டியில்லை. தக்கையை ஒரு சாண் மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதும் வெறும் பழக்கமல்ல, எந்த மீனைக் கூப்பிடுகிறோம் என்பதே அதில்தான் இருக்கிறது.

விடியலுக்குச் சற்று முன் போனால் வேறொன்றும் பார்க்கலாம். நீரில் இருக்கும் பாசியும் செடியும் பகலில் உயிர்வளி தரும், இரவில் தாமே அதை எடுத்துக்கொள்ளும். அதனால் ராத்திரி முழுக்கக் குறைந்துகொண்டே வந்து, பொழுது விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் உயிர்வளி மிகக் குறைவாக இருக்கும். பாசி அடர்ந்த ஏரியில் கெண்டைகள் அந்த நேரத்தில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பார்க்கிறவருக்கு ஏரி நிறைய மீன் மேய்வது போலிருக்கும், ஆனால் ஒன்றுகூட இரையைத் தொடாது. வெயில் ஏறி ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள், அப்போது கடிக்கும்.

விராலுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது காற்றை நேராகவே மூச்சாக இழுக்கக்கூடியது. அல்லிக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவே மூச்சுக்கு மேலே வந்து, ஒரு சின்ன ‘ளப்’ சத்தத்தோடு இறங்கும். ரப்பர் தவளையை இலைகளின் மேல் தத்தித் தத்தி இழுத்து விரால் பிடிக்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீர்ப்பரப்பில் செம்மஞ்சளாக ஒரு கொத்து நகர்வதைப் பார்த்தால் அங்கே தவளையைப் போடாதீர்கள். அவை விரால் குஞ்சுகள், கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கின்றன. அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும், பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. பெரிய மீன் சுலபமாகக் கிடைத்துவிடும். தூக்கிக் கரையில் போட்ட சற்று நேரத்தில் அந்தச் செம்மஞ்சள் கொத்தைக் குரவையும் கொக்கும் முடித்துவிடும்.

கடலில் இந்தத் தேடல் எல்லாம் தலைகீழாகிவிடும். அங்கே மீன் வரும், போகும். நீங்கள் நிற்கிற இடத்துக்கு அது வரும் நேரம் எது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாளில் இருமுறை கடல் ஏறுகிறது, இருமுறை வற்றுகிறது. ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகிறது. நேற்றுக் காலை 6 மணிக்கு மீன் கடித்தது என்றால் இன்று 6 மணிக்குப் போவதில் பயனில்லை, 7 மணியை ஒட்டிப் போக வேண்டும். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் அதிகம், நீரோட்டமும் வேகம். நம் கிழக்குக் கரையில் ஏற்ற இறக்கம் பெரிதல்ல, சென்னையில் அதிகபட்சமாக ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஆனாலும் அந்த ஒரு மீட்டர் போதும், கரையோரப் பள்ளத்துக்குள் நண்டையும் இறாலையும் புரட்டிப் போட. கிழங்கான் மீன் அதைத் தேடித்தான் அலை உடையும் இடத்துக்கே வருகிறது. புதிதாக வருகிறவர்கள் முழு பலத்தையும் போட்டு நூறடி தாண்டி வீசுவார்கள், மீன் அவர்கள் காலுக்கு முப்பதடி முன்னால் மேய்ந்துகொண்டிருக்கும்.

அப்புறம் காற்று. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று மீனவர்கள் நான்கு திசைக்கும் பெயர் வைத்திருப்பது அழகுக்கு அல்ல. காற்று திரும்பினால் நீரோட்டம் திரும்பும், தண்ணீர் கலங்கும் அல்லது தெளியும், எந்த மீன் கரைக்கு வரும் என்பதும் மாறும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரே கரைக்கு ஆறு மாதம் போய், அங்கே வலை உலர்த்திக்கொண்டிருக்கும் அண்ணன்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். “இன்னைக்குத் தண்ணி எந்தப் பக்கம் போகுதுண்ணே?” என்று கேட்டால் முகம் மலர்ந்து சொல்லாதவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

கரையிலிருந்து கடலுக்குள் கல் கொட்டி அமைத்த தூண்டில் வளைவுகள் இப்போது பல ஊர்களில் இருக்கின்றன. மணல் அரிப்பைத் தடுக்கக் கட்டியவை, தூண்டில் முள் போல வளைந்திருப்பதால் அந்தப் பெயர். பாரை மீன் அந்தக் கற்களின் ஓரம் விடியலிலும் அந்தியிலும் வேட்டைக்கு வரும். தூண்டில்காரர்களுக்கு அவை சொர்க்கம். ஆபத்தும் அங்கேதான். பாசி படிந்த கல்லில் கால் வழுக்கினால் இரண்டு கல்லுக்கு நடுவே போய்விடுவோம். தென் கோடியில் இன்னொன்று உண்டு. காற்றே இல்லாத அமைதியான நாளில், எங்கோ தெற்குப் பெருங்கடலின் புயலில் பிறந்த நீண்ட அலை பல நாள் பயணம் செய்து வந்து திடீரெனக் கரையேறும். குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் அதற்குக் ‘கள்ளக்கடல்’ என்று பெயர். சத்தமில்லாமல் திருடன் மாதிரி வருவதால் கள்ளக்கடல். 2024 மே மாதம் குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனது இப்படியொரு எச்சரிக்கைக் காலத்தில்தான். கடல் நிலையைக் கணித்துச் சொல்லும், ஹைதராபாத்தில் உள்ள இன்காயிஸ் நிறுவனம் கள்ளக்கடல் எச்சரிக்கையை முன்கூட்டியே தருகிறது. கடலுக்குக் கிளம்புகிறவர் தூண்டிலை எடுக்கும் முன் அதைப் பார்த்துவிட வேண்டும். எச்சரிக்கை இருந்தால் அன்று வீட்டில் இருந்து நரம்பு சுற்றலாம்.

ஏரியிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. மண் அள்ளிய குழிகள் தண்ணீருக்குள் தெரியாது. சேற்றில் கால் புதைந்தால் பதறப் பதற இன்னும் இறங்கும். கெளுத்தி முள் இரண்டு தண்ணீரிலும் உண்டு. ஏரியில் இருக்கும் தேளிக்குத் தேளின் பெயரையே வைத்திருக்கிறார்கள், அவ்வளவு கடுப்பு. கடலில் இருங்கெளுத்தியும் திருக்கையும். எது குத்தினாலும் முதல் வேலை ஒன்றுதான்: தோல் தாங்கும் சூட்டில் வெந்நீர் வைத்து, குத்திய இடத்தை அரை மணி நேரத்துக்கு மேல் முக்கி வைத்திருப்பது. அந்த நஞ்சு புரதத்தால் ஆனது, சூட்டில் சிதையும், வலி இறங்கும். அப்புறம் மருத்துவரிடம் போக வேண்டும், முள் உள்ளே முறிந்திருக்கலாம்.

செலவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஏரிக்கு மூங்கில் கழி, தங்கூசி என்கிற நைலான் நரம்பு, ஒரு முள், ஒரு தக்கை போதும், இரை வீட்டு மைதா மாவு. கடலுக்குப் பத்து, பன்னிரண்டு அடித் தூண்டில் கழியும் உப்புக்குத் தாங்கும் ரீலும் வேண்டும். வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் நல்ல தண்ணீரில் ரீலைக் கழுவிவிட வேண்டும். ஒரே ஒரு ராத்திரி சோம்பலில் நான் ஒரு ரீலை இழந்திருக்கிறேன். காலையில் பார்த்தபோது கைப்பிடி சுற்றவே இல்லை.

சாப்பாட்டுக்கு வந்தால், “ஏரி மீன் சேற்று நாற்றம்” என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அந்த வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள். நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிர்களும் அதை உண்டாக்குகின்றன. முதல் மழையில் நாம் ஆசையாக இழுக்கும் மண்வாசனையும் இதே பொருள்தான்! புளிப்புப் பட்டால் அது சிதைந்துவிடும். ஜிலேபியையும் விராலையும் நம் வீடுகளில் புளி கெட்டியாகக் கரைத்துக் குழம்பு வைத்தது வெறும் ருசிக்காக மட்டுமில்லை. கடல் மீனுக்கு இது வேறு விதம். கடல் மீன் உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே செவுள் வழியாக உப்பை வெளியேற்றிக்கொண்டிருக்கும். ஏரி மீன் தண்ணீரே குடிப்பதில்லை, உள்ளே ஊறும் நீரைச் சிறுநீராகத் தள்ளிக்கொண்டிருக்கும். உப்பு நீரில் வாடிவிடாமல் இருக்கக் கடல் மீன் தன் சதையில் சில பொருள்களைச் சேர்த்துவைக்கிறது. புதிதாக இருக்கும்போது கடல் மீனின் தனி ருசிக்கு அவையும் ஒரு காரணம். வைத்திருந்து கெட்டால் மூக்கைப் பொத்த வைப்பதும் அவற்றில் ஒன்று சிதைவதால்தான். அதனால் கடலுக்குப் போகிறவர் ஐஸ் பெட்டி இல்லாமல் போகக் கூடாது.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது தண்ணீர் ஒன்று இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். முகத்துவாரம், உப்பங்கழி. பழவேற்காடு, முட்டுக்காடு, பரங்கிப்பேட்டை வெள்ளாறு, பிச்சாவரம். ஏரி போல அலையில்லாத தண்ணீர், ஆனால் கடல் போல ஏறி வற்றும். வற்றும் நேரத்தில் உள்ளிருந்து இறால் வெளியே இழுபடும், முகத்துவாரத்தின் வாயில் கொடுவா மீன் காத்துக்கொண்டு நிற்கும். கொடுவா ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். அப்படியென்றால் நாம் போட்டோ எடுத்துக்கொள்ள ஆசைப்படும் பெரிய கொடுவா எல்லாம் பெரும்பாலும் தாய்தான். இரண்டு, மூன்று கிலோவில் ஒன்றைச் சமைக்க எடுத்துக்கொண்டு, பெரியதைத் தண்ணீரில் பிடித்து, செவுள் நன்றாக அசையும்வரை தாங்கி விட்டுவிடலாம்.

பழவேற்காட்டில் இந்தத் தண்ணீரை யார் பயன்படுத்துவது என்பதற்குப் ‘பாடு’ என்ற ஏற்பாடு தலைமுறைகளாக இருக்கிறது. மீன் அதிகம் வரும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்து, ஊர்க் குடும்பங்கள் மாறி மாறி வலை போடும். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சாதாரண இடம் வரும். குத்தகையும் இல்லை, அவரவர் இஷ்டமும் இல்லை. அங்கே தூண்டிலோடு போகிறவர் இன்று யாருடைய பாடு என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நிற்பதுதான் மரியாதை.

புதியவருக்கு என் யோசனை: குழந்தைகளோடு போகிறீர்களா, நீச்சல் தெரியாதா, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரமா? ஏரிக்குப் போங்கள். கடலுக்கு அவரவர் ஓய்வு நேரம் தெரியாது, ஏற்ற நேரம் புதன் ராத்திரி 2 மணிக்கு வந்தால் அதுதான் நேரம். கரைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக முடிகிறவர் கடலைத் தேர்ந்தெடுக்கலாம். சென்னைப் பக்கத்தில் இருக்கிற எனக்கு நாட்காட்டியே பிரித்துக் கொடுத்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், ஏரி நிறைந்து மீன் சிதறிவிடும். அந்த இரண்டு மாதமும் முள் கட்டுவதும் ரீலுக்கு எண்ணெய் போடுவதும்தான். தையில் ஏரி. மாசி, பங்குனியில் கடல் தெளிந்து அடங்கும், அப்போது முகத்துவாரமும் கரையும். சித்திரைக்குப் பிறகு மணல் சேர்ந்து பல முகத்துவாரங்கள் அடைபட்டுவிடும். அதற்குள் ஏரித் தண்ணீரும் இறங்கியிருக்கும்.

கோடையில் மதுரை, சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களில் அதுதான் மீன்பிடித் திருவிழாக் காலம். விடியும் முன்பே சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கரையில் வந்து நிற்கும். கையில் மேலும் கீழும் திறந்த கூடையான ஊத்தாவும், கச்சா வலையும். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள். வீசியதும் ஆயிரம் பேர் ஒரே பாய்ச்சலில் இறங்குவார்கள். அன்று மட்டும் கண்மாய் மீன் எல்லோருக்கும் சொந்தம். அந்தச் சேற்றில் தூண்டிலுக்கு வேலையில்லை. ஊத்தாவை அமுக்கி, மேல்வாய்க்குள் கையை விட்டுத் துழாவும்போது விரல்களுக்கு நடுவே ஒரு விரால் நழுவும், அதை விடாமல் பிடிக்கத் தெரிய வேண்டும்.